செம்பாக்கத்தில் ஒரு ஓம்

காலையில் பள்ளிக்கூட வாசலில் நின்று பிள்ளைகளைக் கையேற்பதுதான் என்னுடைய முதல் வேலை. சேர்ந்த புதிதில் ஒரு நாள், மகள் ஜெனிஃபரை இடுப்பில் சுமந்தபடி வந்த கிரேஸிடம், "குளிசை குடுத்தனீங்களோ?" என்று கேட்டேன். ஜெனிக்கு வலிப்பு வரும். குளிசை தவறினால் அன்றைக்குப் பிள்ளை பாடு பெரும்பாடு. கிரேஸ் சிரித்த முகத்தோடு, "ஆச்சுங்க, எழுந்ததும் தலைக்கே ஊத்திட்டேன்" என்றார். மருந்தைக் கொண்டுபோய் யாராவது தலையில் ஊற்றுவார்களா? "எத்தினை குடுத்தனீங்கள்?" என்று பதறினேன். "எத்தினியா? ஒரு பக்கெட் தண்ணிதாங்க" என்றார் அவர், இந்தப் பெண்ணுக்கு என்னவோ ஆகிவிட்டது என்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டு. உள்ளேயிருந்து விஜயா டீச்சர் எட்டிப் பார்த்து, "கிரேஸ், அவங்க மாத்திரையைக் கேக்கறாங்க. குளிச்சாச்சான்னு கேக்கலை" என்று சொல்லித்தான் எங்கள் இரண்டு பேருக்கும் மூச்சு வந்தது.

ஊரை விட்டுப் போன நீங்கள் எல்லாரும் லண்டனிலிருந்தும் கனடாவிலிருந்தும் பனியைப் பற்றி எழுதுகிறீர்கள். பாஷை தெரியாமல் கடையில் கையைக் காட்டிச் சாமான் வாங்கிய கதைகளை எழுதுகிறீர்கள். எனக்கு வாய்த்த வெளிநாட்டில் பனியும் இல்லை, வேறு பாஷையும் இல்லை. கடைப் பலகை எல்லாம் தமிழ், பஸ்ஸில் சண்டை தமிழில், கோயிலில் பாட்டு தமிழில். அதனால் எனக்குக் கஷ்டமே இருந்திராது என்று ஊரில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். பாஷை தெரியாத இடத்தில் விளங்கவில்லை என்றாவது தெரியும். இங்கே நான் சொல்வது அவர்களுக்கு விளங்கிவிட்டது என்று நானும், நான் சொன்னது தங்களுக்கு விளங்கிவிட்டது என்று அவர்களும் நினைத்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கம் போய்விடுவோம். பிறகுதான் வில்லங்கம் தெரியவரும்.

எண்பதுகளின் கடைசியில் நானும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து குரோம்பேட்டையில் ஒரு வீட்டின் மாடி அறைக்கு வந்து சேர்ந்தோம். தம்பி கனடாவுக்குப் போய்விட்டான், எங்களையும் கூப்பிடுவான், அதுவரைக்கும் ஒரு தங்கல் என்பதுதான் கணக்கு. சும்மா இருக்கப் பிடிக்காமல் வேலை தேடினேன். செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீட்டில், மூளை வளர்ச்சி குன்றிய பிள்ளைகளுக்கும் கை கால் வசமில்லாத பிள்ளைகளுக்கும் விஜயா டீச்சர் ஒரு சின்னப் பள்ளிக்கூடம் நடத்திவந்தார். அங்கே வகுப்பில் கூடமாட நிற்க ஆள் தேவைப்பட்டது. பிள்ளைகளைக் கழிப்பறைக்குத் தூக்கிப் போவது, எச்சில் துடைப்பது, சோறு ஊட்டுவது, டீச்சர் பாடம் நடத்தும்போது பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துச் செய்விப்பது. இங்கே அந்த வேலைக்கு ஆயா என்று பெயர். அம்மாவுக்கு அந்தச் சொல் தொண்டைக்குள் இறங்கவே இல்லை. கனடாவுக்கு எழுதும்போதெல்லாம் "பிள்ளை ரீச்சரா இருக்கிறாள்" என்றே எழுதினார்.

ஊரில் எங்கள் ஒழுங்கையிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தது. ராணி என்று பெயர். எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி. அவளுடைய அக்காவைப் பெண் பார்க்க வந்த நாட்களில் ராணி இருந்த அறைக் கதவு சாத்தியிருக்கும். உள்ளேயிருந்து ஏதாவது சத்தம் வந்தால் அவள் அம்மா, "அது மாடு" என்று சொல்லிச் சமாளிப்பார். அந்தத் தாய் கெட்டவர் இல்லை. அவருக்கு மற்றப் பெண்ணையும் கரைசேர்க்க வேண்டியிருந்தது. அக்காவின் கலியாணம் முடிந்த பிறகும் அந்தக் கதவு திறக்கவில்லை, அதுதான் துக்கம். இங்கே வந்து கிரேஸைப் பார்த்தபோது எனக்கு முதலில் அதிர்ச்சியாகத்தான் இருந்தது. பத்து வயதுப் பிள்ளையை, கால் இரண்டும் கத்திரிபோலப் பின்னிக்கொண்டிருக்க, இடுப்பில் தூக்கிக்கொண்டு, எல்லாரும் பார்க்கப் பஸ் ஏறுவார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கவுன் போட்டு, ரிப்பன் கட்டி, சர்ச்சில் முன் வரிசையில் கொண்டுபோய் உட்காருவார். யாராவது முறைத்துப் பார்த்தால், "இவ பேரு ஜெனிஃபர். உங்க பேரு என்னங்க?" என்று கேட்டுவிடுவார். முறைத்தவர் பெயரைச் சொல்லாமல் தப்ப முடியாது. அந்தத் துணிச்சலை நான் இன்றைக்கும் வாய் பிளந்து பார்க்கிறேன்.

விஜயா டீச்சரின் வகுப்பில் கரும்பலகை பெயருக்குத்தான் இருந்தது. தச்சரைக் கொண்டு செய்வித்த மர நாற்காலிகள், முன்னால் ஒரு தட்டுப் பலகை, பிள்ளை சரிந்து விழாமல் இடுப்பில் கட்ட பழைய சேலைக் கிழிசல். இதுதான் தளபாடம். தாம்பரத்துப் பயிற்சி விமானங்கள் கூரைக்கு மேலே தாழப் பறக்கும். முதல் தடவை நான் கையிலிருந்த கஞ்சிக் கிண்ணத்தைப் போட்டுவிட்டு மேசைக்குக் கீழே போய்விட்டேன். விமானம் என்றால் எங்கள் ஊரில் பங்கர்க் குழிக்குள் பாய்வதுதானே பழக்கம். மேசைக்கு அடியிலிருந்து பார்த்தால் பிள்ளைகள் எல்லாம் மேலே பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். வளையாத கையை எப்படியோ உயர்த்தி ஜெனியும் ஆட்டினாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது. டீச்சர் கிண்ணத்தை எடுத்துக் கழுவி வைத்தார்.

டீச்சருக்கு ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. பிள்ளையிடம் கேள்வி கேட்டால், கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். "நாம அவசரத்துல பதிலையும் நாமளே சொல்லிடறோம் கலா. அதுங்களுக்குத் திறக்க நேரமே குடுக்கறதில்லை" என்பார். பாலையும் தண்ணீரையும் இரண்டு டம்ளரில் வைத்து, எது வேண்டும் என்று கேட்டுவிட்டு அவர் காத்திருப்பதைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடும். எங்கள் ஆட்கள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாதவர்கள். டீச்சர் அந்தப் பக்கம் போனதும் நான், "பிள்ளைக்குப் பால் வேணுமோ? ஓம், வேணும். குடிப்பமோ? ஓம், குடிப்பம்" என்று கேள்வியையும் பதிலையும் நானே சொல்லிக்கொண்டு ஊட்டுவேன். ஜெனி என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவளுக்கு அழுகை உண்டு, சிரிப்பு உண்டு, சொல் என்று ஒன்று அதுவரைக்கும் கிடையாது.

ஒரு திங்கட்கிழமை காலை ஜெனியை அவளுடைய அப்பா சாமுவேலும் கிரேஸும் சேர்ந்து கொண்டுவந்தார்கள். சாமுவேல் ஓர் ஆபீஸில் கிளார்க், வீடு சேலையூரில். குரல் உயர்த்தாத மனிதர். அன்றைக்கு அவர் முகம் சிவந்திருந்தது. பிள்ளையை என் கையில் தரவிடாமல் கிரேஸை வாசல் கேட்டடியிலேயே நிற்கச் சொல்லிவிட்டு, நேரே டீச்சரிடம் போனார்.

"டீச்சர், நாங்க கிறிஸ்டியன் ஃபேமிலின்னு தெரிஞ்சுதானே அட்மிஷன் குடுத்தீங்க?"

"என்ன சார், என்ன ஆச்சு?"

"நேத்து சபையிலேர்ந்து நாலு பேர் வீட்டுக்கு வந்திருந்தாங்க. ஜெபம் பண்ணலாமா ஜெனின்னு ஆசையா கேட்டாங்க. இவ 'ஓம்'ங்கறா! எல்லார் எதிர்லயும். சாதாரணமா இல்லை, நல்லா இழுத்து, ஓம்ம்னு. அவங்க மூஞ்சி போன போக்கைப் பார்க்கணுமே. பேச்சே வராத குழந்தைக்கு மந்திரம் சொல்லித் தர்ற ஸ்கூல்ல நான் என் பொண்ணை விட முடியாது. இன்னியோட நிறுத்திக்கறேன்."

சுவரில் வீட்டுக்காரர் மாட்டிவிட்டுப் போன பிள்ளையார் காலண்டர் வேறு தொங்கியது. சாமுவேலின் கண் அதற்குப் போனது. பிறகு, பிள்ளைகளை இறக்கிக்கொண்டிருந்த ரிக்‌ஷாக்கார ஏழுமலையின் நெற்றி நாமத்துக்குப் போனது. ஏழுமலைக்குக் கோபம் வந்துவிட்டது.

"இன்னா சார், என்ன பாக்குற? நான் திருநீர்மல பெருமாள கும்பிடறவன். வாயத் தொறந்தா கோவிந்தாதான் வரும். நான் இன்னாத்துக்கு ஓம்னு சொல்லிக்கினு கீறேன்?"

டீச்சர் என் பக்கம் திரும்பினார். எனக்கு அந்த நேரம் வரைக்கும் விஷயமே விளங்கவில்லை என்றால் நம்புங்கள். மந்திரம், கிறிஸ்டியன், காலண்டர் என்று காதில் விழுந்ததெல்லாம் ஏதோ பெரிய மதப் பிரச்சினை என்ற அளவில்தான் மண்டையில் ஏறியிருந்தது. 'ஓம்' என்றதை அவர்கள் கோயில் ஓமாகச் சொல்ல, நானும் கோயில் ஓமாகவே கேட்டுக்கொண்டிருந்தேன்.

"கலா, நீங்க ஏதாவது மந்திரம், ஸ்லோகம் சொல்லிக் குடுத்தீங்களா?"

"ஐயோ, இல்லை டீச்சர். நான் ஒண்டும் சொல்லிக் குடுக்கேல்லை."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. குழந்தை ஓம்னு சொல்றதுக்கும் உங்களுக்கும் சம்பந்தம் இல்லையே? நிச்சயமாவா?"

"ஓம்" என்றேன்.

எல்லாரும் என்னையே பார்த்தார்கள். ஏழுமலை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். டீச்சர் மெதுவாக, "இப்ப என்ன சொன்னீங்க?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. "டீச்சர், அது மந்திரம் இல்லை. எங்கட ஊரில நாங்கள் அப்பிடித்தான் சொல்லுறது. ஓம் எண்டால்... ஓம் எண்டால் ஆமா" என்றேன்.

கேட்டடியில் நின்ற கிரேஸ்தான் முதலில் புரிந்துகொண்டார். ஜெனியைத் தூக்கியபடியே உள்ளே வந்தார். "அப்ப, காலையில பால் வேணுமான்னு கேட்டப்ப ஓம்னாளே... அது வேணும்னு சொன்னதா?" அவர் யாருடைய பதிலுக்கும் நிற்கவில்லை. பிள்ளையை நாற்காலியில் உட்காரவைத்து, முன்னால் குந்திக்கொண்டு, "ஜெனி, அம்மாகூட வீட்டுக்குப் போயிடலாமா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுக் காத்திருந்தார். ஜெனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "ஸ்கூல்ல இருக்கியா?" மறுபடியும் காத்திருந்தார். ஜெனியின் கழுத்து நரம்பு புடைத்தது, உதடு குவிந்தது, கோணியது, மறுபடி குவிந்தது. "ஓ...ம்."

கிரேஸ் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதார். சாமுவேல் பிள்ளைகளின் குட்டி நாற்காலி ஒன்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நேத்து அவங்கல்லாம் போனப்புறம் இவளைத் திட்டினேன் டீச்சர். இனிமே அப்படிச் சொல்லக் கூடாது, புரிஞ்சுதான்னு கேட்டேன். அதுக்கும் ஓம்னா. என்னை எதிர்த்துப் பேசறான்னு நினைச்சுக் கையை ஓங்கிட்டேன்" என்றார். "புரிஞ்சுதுன்னு சொல்லியிருக்கா. பத்து வருஷத்துல முதல் தடவையா என் பொண்ணு எனக்குப் பதில் சொல்லியிருக்கா." ஏழுமலை போய்க் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தார்.

கதை அங்கேயே சுபமாக முடிந்திருக்கலாம். ஆனால் சபை மனிதர்களுக்கு முன்னால் சாமுவேலுக்குச் சங்கடம் இருந்தது. அது நியாயமான சங்கடம்தான். "ஆமான்னு மாத்திக் குடுக்க முடியுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். டீச்சர் அவருக்கு விளக்கினார். "ஆமான்னு சொல்ல வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறக்கணும் சார். ஜெனிக்கு வாய் அவ சொன்ன பேச்சைக் கேக்காது. இதுன்னா ஒரு தடவை மூடினா முடிஞ்சுது. அதான் இதைப் பிடிச்சுக்கிட்டா." என்றாலும் முயற்சி செய்வதாக ஒப்புக்கொண்டோம். நான் என் வாயைக் கட்டிக்கொண்டு "ஆமா, ஆமா" என்று ஊட்டினேன். ஜெனி ஓம் என்று ஆரம்பித்தால், "ஆமா சொல்லு" என்று திருத்தினோம். அவள் வேர்த்து விறுவிறுத்து முயன்று பார்த்தாள். பிறகு முயல்வதை நிறுத்தினாள். ஆமாவும் வரவில்லை, ஓமும் போய்விட்டது. இரண்டு டம்ளரையும் காட்டினால் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட மனமில்லாமல் படுத்திருக்கிறேன். கிடைத்த ஒரே ஒரு சொல்லையும் நாங்கள் எல்லாரும் சேர்ந்து பிடுங்கிவிட்டோம் என்று பயந்தேன்.

ஒரு மாலை பிள்ளையைக் கூட்டிப்போக வந்த கிரேஸ், "நிறுத்திடுங்க கலாக்கா. அவளுக்கு எங்க வார்த்தை வரலைன்னா, எங்களுக்கு அவ வார்த்தை வரட்டும்" என்றார். பின்னாலேயே சாமுவேலும் வந்தார். ஆபீஸ் பையைக் கீழே வைத்துவிட்டு ஜெனிக்கு முன்னால் மண்டியிட்டார். "ஜெனி, அப்பாவைப் பாரு. அப்பா உனக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தரட்டா?" அவள் கூரையைப் பார்த்தாள். "என்கிட்ட யாராவது கேட்டா நான் என்ன சொல்லுவேன் தெரியுமா?" என்று கேட்டவர், வாயை நன்றாகக் குவித்து, "ஓம்" என்றார். யாழ்ப்பாணத்து ஓம் இல்லை அது, சேலையூர்க் கிளார்க் ஒருவர் கூச்சத்தோடு சொன்ன ஓம். ஜெனி அப்பாவின் வாயைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எச்சில் வழிய வழியச் சிரித்துவிட்டு, அவரைவிடச் சத்தமாக, "ஓம்" என்றாள். சாமுவேல் அதே இடத்தில் திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தார். ஆறு மணிக்கு மேல் ஆகியும் விஜயா டீச்சர் கேட்டைப் பூட்டவில்லை.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் எல்லாரும் ஓம் சொல்ல ஆரம்பித்தார்கள். மளிகைக் கடைக்காரர் "துவரம்பருப்பு அரைக் கிலோவா?" என்று கேட்டால் கிரேஸ் ஓம் என்றுவிட்டு நாக்கைக் கடித்துக்கொள்வார். சபை மனிதர்கள் அடுத்த தடவை வந்தபோது சாமுவேலே விளக்கம் சொன்னாராம். அவர்களில் ஒரு பெரியவர், "ஆமென்னுக்கும் அதுதானே அர்த்தம்" என்று சொல்லி முடித்துவைத்தாராம். ஒரு பிள்ளைக்காகக் குடும்பமே நாக்கைத் திருப்பி வைத்துக்கொண்டது. எங்கள் ஊரில் ஒரு கதவு திறப்பதற்கே மனம் வரவில்லையே என்று நினைத்து, நான் இந்த ஊருக்கு மனதுக்குள் கும்பிடு போட்டேன்.

தொண்ணூற்று ஒன்றின் மே மாதம் நடந்த அந்தக் கொலை உங்கள் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அதற்குப் பிறகு சென்னையில் எங்கள் பேச்சைக் கேட்டாலே ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். எங்கள் வீட்டுக்காரர் நல்லவர்தான், பயந்த மனிதர். காலி பண்ணச் சொல்லும்போது அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். வீடு வீடாக அலைந்தோம். வாயைத் திறந்ததும் வாடகைக்கு இல்லை என்றார்கள். விஷயம் தெரிந்ததும் சாமுவேல் தங்கள் பின்போர்ஷனை ஒழித்துத் தந்தார். போலீஸ் ஸ்டேஷனில் பதிய வேண்டும் என்றபோது, லீவு போட்டுக் கூட வந்து, எங்களுக்காகப் பேசினார். வரும் வழியில் குரலைத் தாழ்த்தி, "வெளியில ஆமா சொல்லுங்க கலா. வீட்டுக்குள்ள நாம எவ்ளோ வேணா ஓம் சொல்லிக்கலாம்" என்றார். நான் நாக்கைப் பழக்கினேன். குளிசை மாத்திரை ஆனது. கதைப்பது பேசுவது ஆனது. சந்தையில் 'இன்னா விலை' என்றுகூடக் கேட்கத் தெரிந்துகொண்டேன். அம்மா மட்டும் வெளியே போனால் ஊமையாகிவிடுவார்.

வீட்டுக்கும் வெளிக்கும் வேறு வேறு சொல் என்ற விஷயத்தை ஜெனிக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை கிரேஸும் நானும் அவளைத் தூக்கிக்கொண்டு தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். நெரிசல். உட்கார இடம் இல்லை. ஜெனி என் இடுப்பில். "கலாக்காவுக்குக் கை வலிக்கும் ஜெனி, அம்மாகிட்ட வர்றியா?" என்று கிரேஸ் கேட்டார். ஜெனி பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "ஓம்" என்றாள். நான் அவள் முகத்தை என் தோளில் சாய்த்துக்கொண்டேன். பக்கத்து சீட்டில் மீன் கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். அவருக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது.

"ஏம்மா, இந்தப் பொண்ணு சிலோனா?" என்று என்னிடம் கேட்டார்.

நான் கிரேஸைப் பார்த்தேன். கிரேஸ் ஜன்னலைப் பார்த்தார். தாம்பரம் ஆஸ்பத்திரியில் பிறந்து, கடலைக்கூட ஒழுங்காகப் பார்த்திராத பிள்ளை என் தோளில் எச்சில் வடித்துக்கொண்டிருந்தது.

"ஆமா" என்றேன்.

"பாவம், எம்மாந் தூரத்துலேர்ந்து வந்துகீது!" என்று அந்த அம்மாள் கூடையைக் காலால் தள்ளிவிட்டு எழுந்தார். "வாம்மா, நீ இப்டி ஜன்னலாண்ட குந்து." என்னிடமிருந்து ஜெனியை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கிரேஸ் உட்கார்ந்தார். ஜெனியின் கன்னத்தைத் தொட்டுத் தன் கையை முத்தமிட்டு, "நம்மூரு புட்ச்சிகீதா கண்ணு?" என்று அவர் கேட்டார். கேட்டுவிட்டு, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, காத்திருந்தார்.

நான் பக்கத்தில் கம்பியைப் பிடித்து, உள்ளூர்க்காரியாக நின்றுகொண்டு, சிலோன்காரியாக என் இடத்தில் உட்கார்ந்திருந்த பிள்ளை என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உதடு குவிந்தது.